ஸ்டாண்டில் நிற்கும் ஆறு சைக்கிள்

வியாழன், இரவு 8:37

அண்ணன்: ஞாயித்துக்கிழமை வாசிக்க எழுதிட்டேன். எல்லாரும் பாத்துட்டு சொல்லுங்க.
"எங்கள் தந்தையார் கடின உழைப்பாளி. நேர்மையும் எளிமையும் நிறைந்தவர். சைக்கிள் கடை நடத்தி மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். அன்பான கணவர், பாசமிகு தந்தை. அவரது இழப்பு ஈடு செய்ய முடியாதது."

சித்தப்பா: அருமை

அக்கா: நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல அப்பா எங்க இருக்கார்?

அண்ணன்: புரியல

அக்கா: பேரை மாத்திட்டா யாருக்கு வேணாலும் வாசிக்கலாம்

அண்ணன்: அப்ப நீயே எழுது

நான்: ரெண்டு பேரும் இருங்க. கடை எப்ப ஆரம்பிச்சார், அதுல இருந்து தொடங்கலாம்

சித்தப்பா: மூத்தவ பிறக்கறதுக்கு முன்னாடியே

அக்கா: இல்ல சித்தப்பா. நான் பிறந்தப்புறம்தான்

சித்தப்பா: எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு

அம்மா: மூணு மாசம்

அண்ணன்: மூணு மாசம் முன்னாடியா பின்னாடியாம்மா

அம்மா: பின்னாடி. கடைன்னு எதுவும் இல்ல. மரத்தடி. ஒரு பம்பு ஒரு தகரப் பெட்டி

கடை அத்தான்: மாப்ள எழுதினது இருக்கட்டும். அதை விட அவசரம் ஒண்ணு. கடை உள்ள ஆறு சைக்கிள் ஸ்டாண்டுல நிக்குது. வண்டிக்காரங்க இன்னைக்கு மட்டும் மூணு பேர் வந்து ஷட்டரைப் பாத்துட்டுப் போயிருக்காங்க. துக்க வீடுன்னு யாரும் கேக்கல. ஆனா அதுல ஒண்ணு பேப்பர் போடறவரோட வண்டி. வண்டி இல்லாம நடந்து போடறார்.

அண்ணன்: சாவி என்கிட்ட இருக்கு மச்சான். எல்லாம் முடியட்டும்னு பூட்டி வச்சேன்

கடை அத்தான்: தெரியும் மாப்ள

அண்ணன்: வேற கடைக்கு அனுப்பிடலாமே. கூலி நாம குடுத்துடலாம்

கடை அத்தான்: அனுப்ப முடியாது. சும்மா சொல்லல, ஏன்னு சொல்றேன். ரெண்டாவது வண்டியில பின் சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்பை மாமா திறந்து வச்சிருக்கார். பழைய பால்ரஸ் குண்டு 18ம் டப்பா மூடியில கிடக்கு, பக்கத்துக்கு 9. கால் அங்குல குண்டு. அதுல ஒண்ணுதான் குழி விழுந்திருக்கும். வேற கடைன்னா அந்த ஒண்ண மட்டும் மாத்தி மூடிடுவாங்க. மாமா 18ஐயும் மாத்துவார். தேஞ்சதுக்கு நடுவுல புதுசு ஒண்ணு உக்காந்தா அது ஒரு மயிரிழை பெருசா இருக்கும், மொத்த பாரமும் அது மேல இறங்கும். ஒரே மாசத்துல கோன்ல, அதான் குண்டு உருள்ற கூம்புல, தடம் விழுந்துடும். குண்டு போடறதுக்கு முன்னாடி அது உக்கார்ற கப்புல கிரீஸை கெட்டியா அப்பணும், அப்பத்தான் குண்டு ஒட்டி நிக்கும். கோனை இறுக்கி, கொஞ்சம் பின்னாடி விட்டு, ஆக்சிலை ரெண்டு விரலால சுத்திப் பாக்கணும். கரகரன்னா இறுக்கம். ஆடினா லூசு. ரெண்டும் இல்லாம வர்ற இடம் ஸ்பேனருக்கு ஒரு கால் திருப்பு கூட இருக்காது. அங்க கோனைப் பிடிச்சுக்கிட்டு நட்டை இறுக்கணும். பிடிக்காம இறுக்கினா கோனும் சேர்ந்து சுத்தி மொத்த வேலையும் போச்சு.

சித்தப்பா: சரி சரி

பாப்பா: கடை மாமா இதையெல்லாம் அப்படியே ஞாயித்துக்கிழமை வாசிக்கலாமே

அண்ணன்: ரெண்டு நிமிஷம்தான் பாப்பா

பாப்பா: ரைட் சகோதரர்களை மட்டுமாவது போடுங்க. தாத்தா அடிக்கடி சொல்வார்ல

சித்தப்பா: அது யார் நம்ம ஊர்க்காரங்களா

பாப்பா: விமானம் கண்டுபிடிச்சவங்க சின்ன தாத்தா. 1892ல சைக்கிள் கடைதான் வச்சாங்க. டேட்டன்னு ஒரு ஊர், அமெரிக்கால. 1903 டிசம்பர் 17ல பறந்த விமானத்துல இன்ஜின்ல இருந்து ரெண்டு காத்தாடிக்கும் செயின்தான் போச்சு. பல்சக்கரமும் செயினும். "நம்ம தொழில்காரங்க செஞ்சது, அதான் மேல போச்சு"ன்னு தாத்தா சொல்வார்

அக்கா: இதைப் போடலாம். இது அப்பா

அண்ணன்: விமானமெல்லாம் எதுக்கு

நான்: போட்டோ யாராவது அனுப்புங்க முதல்ல. பெருசா பிரிண்ட் போடணும்

சித்தப்பா: [படம்]

அக்கா: சித்தப்பா இதுல அப்பா பாதிதான் தெரியறார்

சித்தப்பா: மீதி பாதி ஒருத்தர் மறைச்சுட்டார்

அண்ணன்: கண்ணாடி போடாத படம் வேணும்

அம்மா: கண்ணாடி போட்டதே இருக்கட்டும். கண்ணாடி இல்லாம போக்ஸ் கம்பி தெரியாது அவருக்கு

இரவு 9:20

கடை அத்தான்: மிச்ச வண்டிகளையும் சொல்லிடறேன். ஒவ்வொரு ஹேண்டில்லயும் அட்டை கட்டியிருக்கும். நான் அட்டையைப் படம் எடுத்து வச்சிருந்தேன்.
முதல் வண்டி பேப்பர்காரர் வண்டி. "முன் டியூப், மூணாம் தடவை, அதே இடம்"னு எழுதியிருக்கார். மாமா எப்பவும் டயர் மாட்டறப்ப டயர்ல இருக்கற எழுத்து வால்வுக்கு நேரா வர்ற மாதிரிதான் மாட்டுவார். அழகுக்கு இல்ல. டியூப்ல ஓட்டை எங்க இருக்குன்னு தெரிஞ்சா வால்வுல இருந்து அதே தூரம் டயர்ல அளந்து போய் குத்தினது எதுன்னு பிடிச்சுடலாம். மூணு தடவையும் ஒரே இடம்னா டியூப் மேல தப்பு இல்ல, டயருக்குள்ள ஏதோ இருக்கு. மெல்லிசு கம்பியா இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் சில சமயம் சிக்காது. பஞ்சை உருட்டி உள்பக்கம் ஓட்டினா நூல் மாட்டும்.
மூணாவது வண்டி பின் சக்கரம், போக்ஸ் கம்பி ரெண்டு போச்சு, பிரீவீல் பக்கம், அதான் செயின் ஓடற பின் பல்சக்கரத்துப் பக்கம். பிரீவீலைக் கழட்டாம அந்தப் பக்கம் கம்பி கோக்க முடியாது.
நாலாவது செயின். அட்டையில "செயின் மட்டும் போதாது, முதல்லயே சொல்லணும்"னு இருக்கு.
அஞ்சாவது சின்னப் பையன் வண்டி, பிரேக் வேலை முடிஞ்சுது. குடுக்க வேண்டியதுதான்.
ஆறாவது அட்டை படத்துல தெளிவா இல்ல. நேர்ல பாக்கணும்.

நான்: எனக்கு ஒரு சந்தேகம். ஓட்டை டியூப்போட உள்பக்கம் இருந்தா? ரிம் பக்கம்

கடை அத்தான்: அது முள்ளு இல்ல. போக்ஸ் முனை, அதை ரிம்மோட பிடிக்கற நிப்பிளைத் தாண்டி நீட்டிட்டு இருக்கும், இல்லன்னா ரிம் டேப் நகர்ந்திருக்கும். ரெண்டு ஓட்டை பக்கத்துல பக்கத்துல இருந்தா காத்துக் கம்மியா ஓட்டி கல்லுல இடிச்சது. வால்வு அடியில கிழிஞ்சா ஒட்டவே கூடாது, நிக்காது, டியூப் மாத்தணும். மாமா ஓட்டையைப் பாத்தே அவர் எப்படி ஓட்டறார்னு சொல்லிடுவார்

அக்கா: இதெல்லாம் நான் தனியா எழுதி வச்சுக்கறேன்

அண்ணன்: மச்சான் ஒண்ணு கேக்கறேன் தப்பா நினைக்காத. இவ்வளவு பாத்துப் பாத்து செஞ்சுதானே கடைசி வருஷங்கள்ல கூட்டம் கம்மியாச்சு. முன் சக்கரத்தைப் பிடிக்கற ஃபோர்க்குக்கு வெல்டிங் வைக்கமாட்டேன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்

கடை அத்தான்: ஆமா அனுப்பினார். கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு கம்பி எல்லாத்துக்கும் வெல்டிங் வைக்கச் சொல்வார். ஃபோர்க்குக்கு மட்டும் மாட்டார். மத்தது உடைஞ்சா வண்டி நிக்கும். ஃபோர்க் உடைஞ்சா ஓட்டறவன் முகம் தரையில போய் நிக்கும். வெல்டிங் வச்ச இடம் கெட்டியா இருக்கும், அதுக்கு ஒட்டின இடம் சூடு பட்டு பலம் போயிருக்கும், அங்கதான் மறுபடி விரியும். பெயின்ட் அடிச்சு மறைச்சா யாருக்கும் தெரியாது. அதனாலதான் மாட்டேன்னார்.

அண்ணன்: நான் குறை சொல்லல

கடை அத்தான்: தெரியும் மாப்ள

அம்மா: [குரல் பதிவு 1:48]

சித்தப்பா: பஸ்ஸுல இருக்கேன் அண்ணி. கேக்கல. யாராவது எழுதுங்க

அக்கா: நான் எழுதறேன். அம்மா சொன்னது:
"கூட்டம் கம்மியானாலும் வீட்டுக்குக் குறை வெக்கல. ரெண்டு டப்பா வச்சிருந்தோம். ஒண்ணு சரக்கு டப்பா, ஒண்ணு வீட்டு டப்பா. ஒரு டியூப் வித்தா டியூப்போட வாங்கின காசு சரக்கு டப்பாவுக்கு. கூலியும் மேல வர்றதும் வீட்டு டப்பாவுக்கு. ராத்திரி நான்தான் பிரிச்சுப் போடுவேன். சரக்கு டப்பாவுல கை வச்சா சீட்டு எழுதிப் போடணும், அவரே எடுத்தாலும். மூத்தவ காலேஜுக்குச் சேரும்போது ஒரு தடவை எடுத்தோம். அந்தச் சீட்டு கிழியறதுக்கு ஏழு மாசம் ஆச்சு. கைல காசு நிறைய இருக்கற மாதிரி தெரியும், அதுல பாதி நம்ம காசு இல்ல, நாளைக்கு வாங்க வேண்டிய டியூப்போட காசுன்னு சொல்வார்."

நான்: அம்மா இது எங்களுக்குத் தெரியவே தெரியாதே

அம்மா: கேக்கல

அக்கா: அப்ப கணக்கு நோட்டு முழுக்க அம்மா கையெழுத்தா

அம்மா: வேற யாரு. அவர் எழுத்து அட்டையில மட்டும்தான்

சித்தப்பா: டப்பா விஷயம் எனக்காகச் சொன்னதா அண்ணி

அம்மா: இல்ல தம்பி

சித்தப்பா: ரெண்டாவது கடை என்னாலதான் போச்சுன்னு எல்லாருக்கும் ஒரு நினைப்பு. வர்ற காசை எல்லாம் ஒரே பெட்டியில போட்டேன், அதான் தப்பு. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லல. மிச்ச சரக்கைத் தூக்கிட்டு வந்து பழைய கடையில அடுக்கினார்

அக்கா: விடுங்க சித்தப்பா

அண்ணன்: இப்ப அது எதுக்கு

கடை அத்தான்: சின்ன மாமா, சக்கரத்துக் கோட்டம் பாக்கற ஸ்டாண்டு உங்ககிட்டதானே இருக்கு? ரெண்டாவது கடைக்குப் போனது. மூணாவது வண்டிக்கு வேணும்

சித்தப்பா: பரண்ல இருக்கு. நாளைக்குக் கொண்டாறேன்

அம்மா: சாவியை அவன்கிட்ட குடு. காலையில திறக்கட்டும். கூலி வாங்கற வேலைக்கு வாங்கு. பேப்பர்காரர்கிட்ட வாங்காத

அண்ணன்: சரிம்மா

வெள்ளி, காலை 11:05

கடை அத்தான்: [படம்] [படம்]
திறந்துட்டேன். டப்பா மூடியில குண்டு 17தான் இருக்கு. ஒண்ணு காணோம். எல்லாம் புதுசு போடறதால பரவாயில்ல, ஆனா ஹப்புக்குள்ள தங்கியிருந்தா ஆபத்து. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன், கிரீஸ் கட்டிக்குள்ள இருந்தது. குழி விழுந்த குண்டு அதேதான்.

பாப்பா: சூப்பர் கடை மாமா

கடை அத்தான்: பேப்பர்காரர் டயர்ல கம்பி கிடைச்சுது. அரிசி மணி நீளம்கூட இல்ல. வால்வுல இருந்து ஒரு முழம் அளந்து பஞ்சு ஓட்டினேன், நூல் மாட்டிச்சு. டியூப் ஒட்டறதுல அவசரப்படல. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, சொல்யூஷன் தடவி, பளபளப்பு போய் மங்கற வரைக்கும் விட்டேன். ஈரமா இருக்கும்போதே ஒட்டு வச்சா ஓரம் தூக்கிடும். மாமா இந்த நேரத்துலதான் வந்தவங்க வீட்டு விஷயம் விசாரிப்பார். அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கறது அவங்களுக்குத் தெரியாது.

அக்கா: இதையும் எழுதிக்கிட்டேன்

சித்தப்பா: ஸ்டாண்டு கொண்டாந்துட்டேன். துரு

கடை அத்தான்: துரு பரவாயில்ல சின்ன மாமா, நேரா இருக்கு. பின் சக்கரம் 40 கம்பி. ரெண்டு புதுசு கோத்தாச்சு. ஆனா மாமா ரெண்டோட விடமாட்டார். மிச்சத்தை விரலால சுண்டிச் சத்தம் கேப்பார். ஒரே பக்கத்துல இருக்கறதெல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம் வரணும். மொத்துன்னு கேக்கறது லூசு. கம்பி இறுக்கத்தால உடையறதை விட லூசால உடையறதுதான் ஜாஸ்தி. ஒவ்வொரு சுத்துலயும் வளைஞ்சு நிமிர்ந்து வளைஞ்சு நிமிர்ந்து கழுத்துல போயிடும். பிரீவீல் பக்கம் பாரம் ஜாஸ்தி, அதான் எப்பவும் அங்கயே போகுது. கோட்டம் வலது பக்கம் தள்ளினா அந்த இடத்துல இடது கம்பியை இறுக்கி வலது கம்பியை விடணும், கால் திருப்பு கால் திருப்பா. ஒரே இடத்துல முழுத் திருப்பு குடுத்தா முட்டைச் சக்கரம் ஆயிடும்.

அண்ணன்: செயின் வண்டி?

கடை அத்தான்: ஸ்கேல் வச்சேன். 12 அங்குலத்துல 24 பின் வரணும், முதல் பின்னை சைபர்ல வச்சா அதுக்கப்புறம் 24வது பின் சரியா 12ல நிக்கணும். அங்குலத்துல பதினாறுல ஒரு பங்கு தாண்டினா செயின் மாத்தணும். இது எட்டுல ஒரு பங்கு தாண்டிடுச்சு. அப்படின்னா பல்லும் தேஞ்சிருக்கும். புதுச் செயினை பழைய பிரீவீல்ல போட்டா மிதிக்கும்போது எகிறும். மேட்டுல எழுந்து நின்னு மிதிச்சா கால் வழுக்கி விழுவாங்க. அதான் "முதல்லயே சொல்லணும்"னு எழுதியிருக்கார். செலவு ரெட்டிப்பு ஆகும், வேலை முடிஞ்சப்புறம் சொன்னா ஏமாத்தின மாதிரி. போன் போட்டுச் சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க.

நான்: கழட்டின பழைய செயினை என்ன பண்ணுவ

கடை அத்தான்: அவங்ககிட்டயே குடுக்கணும், பேப்பர்ல சுத்தி. மாத்தின பாகம் எதுவானாலும் மாமா கையில குடுத்துடுவார். வேணாம்னு சொல்லிட்டுப் போனாத்தான் பழைய இரும்புப் பெட்டிக்கு.

அம்மா: வெளிய போற எதையும் தட்டிப் பாத்துக் குடு

கடை அத்தான்: பாக்கறேன் அத்தை. பாப்பாவுக்காகச் சொல்றேன்: வேலை முடிஞ்சதும் மாமா வண்டியை ரெண்டு விரல் உயரம் தூக்கிக் கீழ விடுவார். கண்ணை மூடிப்பார். டப்புன்னு ஒரே சத்தம்னா சரி. சலசலன்னா எங்கயோ நட்டு லூசு. முன்னாடியா பின்னாடியான்னு அந்தச் சத்தத்துலயே சொல்வார். எல்லாச் சத்தமும் போகற வரைக்கும் வண்டி படி இறங்காது.

பாப்பா: அம்மா இதையும் எழுதிக்கோ

மதியம் 2:40

அக்கா: ஞாயித்துக்கிழமைக்கு இதான். பாருங்க.
"மகள் பிறந்த மூணாம் மாதம் மரத்தடியில் ஒரு பம்போடு தொழில் தொடங்கினார். டயரின் எழுத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவார். ஒரு குண்டு கெட்டால் பதினெட்டையும் மாற்றுவார். ஃபோர்க்கை ஒட்டிக் கொடுக்க மாட்டார். கழற்றிய பாகத்தைக் கையில் கொடுப்பார். வேலை முடிந்த வண்டியைத் தூக்கி விட்டுக் காது கொடுத்துக் கேட்பார். ராத்திரி மரத்தூளும் சோப்பும் போட்டுக் கை கழுவி, நகக்கண்ணைத் துணியால் துடைத்த பிறகுதான் பிள்ளைகளைத் தொடுவார். கணக்கு முழுவதும் அம்மா எழுதினார். கடை இரண்டு பேருடையது."

நான்: அக்கா

சித்தப்பா: இது அண்ணன்

அண்ணன்: நல்லா இருக்கு. "கடின உழைப்பாளி"ன்னு ஒரு வரியாவது சேர்க்கலாமே

அக்கா: மேல இருக்கறது என்னவாம்

அண்ணன்: சேர்க்கலாம்னுதான் சொன்னேன்

பாப்பா: ரைட் சகோதரர்கள் எங்க

அக்கா: இடம் இல்ல கண்ணு

பாப்பா: 😢

அம்மா: என் பேரை எடுத்துடு

அக்கா: எடுக்க மாட்டேன்

அண்ணன்: யார் வாசிக்கறது?

நான்: அண்ணன்தான்

அண்ணன்: அக்கா எழுதினது, அக்காவே வாசிக்கட்டும்

அக்கா: என்னால முடியாது. பாதியில நின்னுடுவேன்

சித்தப்பா: பாப்பா வாசிக்கட்டும்

பாப்பா: அப்ப ரைட் சகோதரர்கள் சேர்ப்பேன்

சித்தப்பா: கடன் நோட்டு என்ன பண்றது? நிறைய பேர் குடுக்க வேண்டியது இருக்கு

அம்மா: நான் பாத்துக்கறேன்

அண்ணன்: எவ்வளவும்மா மொத்தம்

அம்மா: நான் பாத்துக்கறேன்னேன்

அண்ணன்: திங்கட்கிழமைக்கு அப்புறம் கடை என்ன ஆகறது, அதையும் பேசணும். மச்சான் நீ நடத்தறியா? இல்ல

கடை அத்தான்: இப்ப வேண்டாம் மாப்ள. ஆறாவது வண்டி இன்னும் முடியல

மாலை 5:15

கடை அத்தான்: ஆறாவது வண்டி காட்டர் பின் வேலை, அதான் பெடல் மாட்டற கிராங்கை அச்சோட பிடிக்கற ஆப்பு. ரெண்டு பின்னும் மாத்தியிருக்கார். அரம் போட்டு ரெண்டையும் ஒரே சாய்வுல தேச்சிருக்கார், கிராங்க் ரெண்டும் நேர்கோட்டுல நிக்குது. தேய்ப்பு ஒண்ணு கூடினா ஒரு பெடல் கொஞ்சம் முந்திக்கும், ஓட்டறவருக்கு முட்டி வலிக்கும். கிராங்குக்கு அடியில முட்டு குடுக்கற இரும்புக் குழாயும் அப்படியே நிக்குது. முட்டு இல்லாம அடிச்சா அடி முழுக்க உள்ள இருக்கற பால்ரஸுக்குப் போய் கப்புல குழி விழும். அடிச்சு முடிச்சு நட்டும் போட்டுட்டார். அட்டையில பேர் இல்ல. "ஓட்டிப் பாத்து மறுபடி டைட்"னு மட்டும் இருக்கு.

நான்: அப்படின்னா

கடை அத்தான்: புதுப் பின் முதல் ஓட்டத்துல கொஞ்சம் உள்ள உக்காரும். நட்டு லூசாயிடும். அப்படியே விட்டா பின் நசுங்கி மறுபடி கிராங்க் ஆடும். கொஞ்ச தூரம் ஓட்டி வந்து இன்னொரு தடவை முட்டு குடுத்து அடிச்சு இறுக்கணும். அந்த ஒண்ணுதான் பாக்கி.

அண்ணன்: யார் வண்டின்னு தெரியலயா? கலர் என்ன

கடை அத்தான்: பச்சை. கூடையில ஒரு குடை இருக்கு

சித்தப்பா: பச்சை வண்டி நம்ம தெருவுல நாலு இருக்கும்

அக்கா: அம்மா உனக்குத் தெரியுமா

அம்மா: தெரியல. பேர் எழுதலன்னா அவருக்கு நல்லாத் தெரிஞ்சவங்க

கடை அத்தான்: ஓட்டிப் பாத்து இறுக்கிடறேன் அத்தை. அட்டையை எடுக்கட்டுமா?

அம்மா: இருக்கட்டும். வர்றவங்க வரட்டும். காத்து மட்டும் இறங்காம பாத்துக்கோ